என் சேவல்கள் எல்லாம் பெட்டைகள்

என் கோழிகளை நான் நேரில் பார்த்ததே கிடையாது. இதை அக்காவால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"மூணு வருஷமா கோழியைப் பத்திப் படிக்கிறேன்னு சொல்றே. ஒரு கோழியைக்கூடத் தொட்டதில்லையா?"

தொட்டதில்லை. எங்கள் படிப்பு அப்படி. கோழி எங்கோ ஒரு பண்ணையில் இருக்கும். அதன் ரத்தம் ஒரு சின்னக் குழாயில் வரும். ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. ஒரு கருவிக்குள் போகும். கடைசியில் நாலே நாலு எழுத்துகள் கோடிக்கணக்கில் வரிசைகட்டி என் கணினிக்கு வந்து சேரும். அந்த எழுத்துகள்தான் என் கோழிகள். உயிரியலைக் கணினியில் செய்கிற கூட்டம் நாங்கள். கையில் கறை படாது, கண்ணுக்குக் கீழேதான் கறுப்பு படியும்.

பண்ணையில் மூச்சுத்திணறல் நோய் ஒன்று வந்து பாதிக் கோழிகள் செத்துப்போயின, பாதி பிழைத்துக்கொண்டன. ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே கிருமி. அப்படியிருக்க, பிழைத்தவற்றின் உடம்பில் என்னதான் இருந்தது? அதைக் கண்டுபிடித்தால் எனக்கு முனைவர் பட்டம். செத்ததையும் பிழைத்ததையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் படம் போட்டால், வித்தியாசம் இருக்கிற இடத்தில் படத்தின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். அதை நாங்கள் கோபுரம் என்போம். என் படத்தில் கோபுரம் இல்லை. குடிசைகூட இல்லை. தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்துவிட்டேன், இஸ்திரி போட்ட துணி மாதிரி படுத்தே கிடந்தது.

அன்று மதியம் ஆராய்ச்சிக் குழுவின் கூட்டம். குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. தேறாத ஆராய்ச்சியை நறுக்கென்று வெட்டி, கையில் ஒரு சின்னப் பட்டத்தைத் திணித்து வீட்டுக்கு அனுப்பிவைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். "இந்தத் தடவை நம்மளைத்தான் வெட்டப்போறார். மனசைத் தயார் பண்ணிக்கோ" என்று என் வழிகாட்டி மேடம் முந்தைய வாரமே சொல்லிவிட்டார். நான் மனசைத் தயார் பண்ணுவதற்குப் பதிலாக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அக்கா என் தட்டில் ஒரு அவித்த முட்டையை வைத்தாள். நான் அக்கா, மாமாவோடுதான் தங்கியிருக்கிறேன். அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து அவள் பேச்சிலும் ஒரு திருப்பம் வந்துவிட்டது.

"சாப்பிடு. உன் சொந்தக்காரங்கதான் போட்டது."

"அக்கா, இன்னிக்கு என்னைத் துரத்தப்போறாங்க."

"துரத்தினா வா. எங்க டிப்போவுல டிக்கெட் செக்கிங்குக்கு ஆள் தேடிட்டிருக்காங்க. எதையும் நம்பாம உத்து உத்துப் பார்க்கிற வேலைதான், உனக்கு நல்லா வரும்."

மாமா செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் முட்டையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

எங்கள் ஆய்வகத்தில் கணினிப் பக்கம் ஒரு நீளமான அறை, ஜன்னல் கிடையாது. என் பக்கத்து இருக்கைக்காரனை எல்லோரும் விக்கல் என்று கூப்பிடுவோம். சிரித்தால் அவனுக்கு விக்கல் வந்துவிடும். அன்று அவன் என்னைப் பார்த்ததும் இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கூட்டத்தில் காட்டப்போகிற அறிக்கையின் முதல் பக்கத்துக்கு அழகாக ஒரு படம் வேண்டும் என்று தோன்றியது. போகிற உயிர் பொட்டு வைத்துக்கொண்டாவது போகட்டுமே! தொண்ணூற்றாறு கோழிகளையும் தொண்ணூற்றாறு புள்ளிகளாகப் போட்டு, சேவலுக்கு நீலமும் பெட்டைக்கு ஆரஞ்சும் கொடுத்தால் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற கோழிகளின் புள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் விழும், அவ்வளவுதான்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண், பெண் என்று தீர்மானிக்கிற குரோமோசோம்களை நாங்கள் முதல் வேலையாகத் தூக்கி வெளியே போட்டுவிடுவோம். அவை ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி இருந்து கணக்கைக் குழப்பும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். நானும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, யோசிக்காமலே அதைச் செய்துவந்தேன். அன்று மட்டும் சோம்பேறித்தனம். சாகப்போகிற ஆராய்ச்சிக்கு எதற்குக் கல் பொறுக்க வேண்டும் என்று, சலிக்காத பழைய கோப்பை அப்படியே எடுத்து ஓட்டினேன்.

புள்ளிகள் அழகாக இரண்டு கும்பலாகப் பிரிந்தன. பெரிய கும்பல் பெட்டைகள், சின்னக் கும்பல் சேவல்கள். பெட்டைக்கு மட்டுமே உள்ள குரோமோசோம் எந்தக் கும்பலில் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் நிறம்? சேவல் கும்பலில் ஒரு நீலப் புள்ளிகூட இல்லை. அத்தனையும் ஆரஞ்சு. என் நீலச் சேவல்கள் முப்பத்தாறும் பெட்டைக் கும்பலுக்குள் உட்கார்ந்திருந்தன.

"டேய்" என்றேன். "என் சேவல் எல்லாம் முட்டை போடுதுடா."

விக்கல் எட்டிப் பார்த்தான். "நிறத்தை மாத்திப் போட்டுட்டியா?"

"நிறத்தை மாத்தியிருந்தா எல்லாப் பெட்டையும் சேவலாகணும். இங்க பாரு, இருபத்துநாலு பெட்டை ஒழுங்கா பெட்டையாவே இருக்கு."

"அப்போ குழாயெல்லாம் கலந்துபோச்சு."

"கலந்துபோயிருந்தா ஒண்ணு ரெண்டு சேவலாவது தப்பிச்சு சேவலாவே இருக்கும் இல்ல? ஒண்ணுகூட இல்லடா! தப்பு இவ்ளோ ஒழுங்காவா நடக்கும்?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். கோழிகளின் டி.என்.ஏ. போய்ச் சேர்ந்த பிளாஸ்டிக் தட்டின் வரைபடம் அது. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, குழிக்கு ஒரு கோழி. மேல் மூன்று வரிசையில் சேவல்கள், கீழ் ஐந்து வரிசையில் பெட்டைகள். தாளைப் பிய்த்தேன். தலைகீழாகத் திருப்பி ஒட்டினேன். இப்போது சேவல்கள் கீழ் மூன்று வரிசைக்கு வந்துவிட்டன. நடு வரிசை இரண்டில் பெட்டை இருந்த இடத்துக்குப் பெட்டையே வந்தது, ஆனால் வேறு பெட்டை.

கணினியில் பெயர்களை அதே மாதிரி திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டினேன். சேவல் கும்பலில் எல்லாம் நீலம். பெட்டைக் கும்பலில் எல்லாம் ஆரஞ்சு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

தட்டை யாரோ தலைகீழாக வைத்திருக்கிறார்கள். ஒரு கோழியின் எழுத்துகள் இன்னொரு கோழியின் பெயரில் வந்திருக்கின்றன. இரண்டு வருடமாக நான் செத்த கோழியைப் பிழைத்த கோழி என்றும், பிழைத்ததைச் செத்தது என்றும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோபுரம் எங்கிருந்து வரும்?

நான் கத்தினேன். விக்கலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த நீள அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது, அவனுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. "தலை, ஹிக், கீழா, ஹிக், தட்டு" என்று அவன் சொல்லச் சொல்ல, அறையில் இருந்தவர்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள்.

"ஓட்டு, ஓட்டு" என்றான் விக்கல். "இப்பவே கோபுரத்தை ஓட்டிப் பாரு!"

விரல் விசைக்கு மேலே நின்றது. அப்படியே கையை இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாம்."

"ஏண்டி?"

"இப்ப பார்த்தேன்னு வை. கோபுரம் இருந்தா, கோபுரத்துக்காகத் தட்டைத் திருப்பினேன்னு சொல்லுவாங்க. தட்டு நிஜமாவே திரும்பியிருக்குன்னு முதல்ல காட்டணும். அப்புறம்தான் ஓட்டுவேன்."

பெரிய மகான் மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, கை நமநமவென்று அரித்தது. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன். பாதி வழியில்தான் புத்தியில் உறைத்தது. அந்தத் தட்டில் டி.என்.ஏ.வை ஊற்றியது யார்? மேடமேதான். கூட்டத்துக்குக் கூட்டம் பெருமையாகச் சொல்லுவார்: "இந்தத் தட்டை மட்டும் நான் யார் கையிலயும் கொடுக்கல. என் கை பட்டா தப்பு வராது." எங்களைப் போன்ற கணினிக்காரர்களை அவர் பாசமாக அழைப்பது 'தட்டச்சுக் கும்பல்' என்று.

கதவைத் தட்டினேன். காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு சந்தோஷமான விஷயம். ஆனா நீங்க கோச்சுக்கக்கூடாது."

"மூணு மணிக்குக் கத்தரி வரார். இப்ப என்ன சந்தோஷம்?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் கையா? நான் தட்டைத் தலைகீழா வச்சேனா? இருபத்தஞ்சு வருஷமா பிப்பெட் பிடிச்சுச் சொட்டுச் சொட்டா ஊத்திட்டிருக்கேன். தட்டுல ஒரு மூலை வெட்டியிருக்கும், தெரியுமா உனக்கு? கண்ணை மூடிட்டு வச்சாக்கூட அந்த மூலையை வச்சு சரியா வைக்கலாம்."

"ஃப்ரீசர்ல மிச்சம் இருக்கே மேடம். போய்ப் பார்த்துடலாமே."

"பார்க்கலாம். வா. பார்த்துட்டு என்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்."

விடுவிடுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குப் பின்னால் விக்கல், வாயைப் பொத்திக்கொண்டு. ஃப்ரீசரின் மேல் அடுக்கிலிருந்து மேடம் முதல் தட்டை எடுத்தார். ஒரு மூலை வெட்டியிருந்தது. "பார்த்தியா?" என்றார். அதிலிருந்து நகல் எடுத்து, எழுத்துகளைப் படிக்கும் கருவிக்கு அனுப்பிய இரண்டாவது தட்டு அடியில் இருந்தது. அதை எடுத்து, பனியை விரலால் துடைத்தார். ஒரு மூலையைத் தடவினார். அடுத்த மூலை. அடுத்தது. நான்காவது மூலையையும் தடவியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாலும் ஒரே மாதிரி இருந்தன.

"அந்த மாசம் நம்ம வழக்கமான தட்டு தீர்ந்துபோச்சு" என்றார் மெதுவாக. "வேற கம்பெனி தட்டு வாங்கினோம்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கும்போதே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து, எவ்வளவு அடக்கியும் முடியாமல், ஒரு விக்கல் வெடித்தது.

மேடம் திரும்பி அவனை முறைத்தார். பிறகு என்னை முறைத்தார். அப்புறம் அவருக்கே தோள் குலுங்க ஆரம்பித்தது. ஃப்ரீசர் கதவைத் திறந்து போட்டபடி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"வெட்டின மூலையை நம்பி வாழ்ந்திருக்கேனே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நாலு மூலைக் குழியையும் சோதிச்சுப் பார்ப்போம். பெட்டைக்கு ரெண்டு கோடு வரும், சேவலுக்கு ஒரு கோடு. கூட்டத்துக்குள்ள முடிச்சிடலாம்."

அவரே பிப்பெட்டைப் பிடித்தார். இந்தத் தடவை, கருவிக்காக ஒட்டிய சீட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்த ஓரத்தில் பேனாவால் 'மேலே' என்று எழுதிக்கொண்டார். சோதனை ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நாங்கள் மூன்று பேரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. மேடம் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஓட்டிட்டியா?"

"இல்ல மேடம். இது முடியட்டும்."

"யாருக்கும் தெரியாது. லேசா ஒரு ஓரமா பார்க்கலாம்."

"மேடம்!"

"முதல் குரோமோசோம் மட்டும்?"

"கேட்காதீங்க மேடம், நானே என்னைக் கட்டிப்போட்டு வச்சிருக்கேன்."

தாங்க முடியாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் டிப்போவில் இடைவேளையில் இருந்தாள்.

"அக்கா, என் சேவல் எல்லாம் பெட்டையாம்க்கா!"

"கோழியைப் பார்த்தாலே தெரியுமேடி. கொண்டையைப் பார்த்திருக்கலாமே?"

"ரத்தத்துல கொண்டை எங்கக்கா இருக்கும்?"

"சரி, அது நல்லதா கெட்டதா? சிரிக்கிறியா அழுறியா, ஒண்ணும் புரியல."

"எனக்கே புரியலக்கா. சாயங்காலம் சொல்றேன்."

கோடுகள் வந்தன. சேவல் இருக்க வேண்டிய மேல் மூலைகள் இரண்டிலும் இரண்டிரண்டு கோடு. பெட்டை இருக்க வேண்டிய கீழ் மூலைகளில் ஒவ்வொரு கோடு.  மேடம் படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கூட்ட அறைக்கு நடந்தார்.

கத்தரி ஏற்கெனவே வந்து, மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், பேனாவை மூடியும் திறந்தும் கிளிக் கிளிக் என்று வெட்டிக்கொண்டே இருப்பார். அவர் பக்கத்தில் குழுவின் இன்னொரு உறுப்பினரான கால்நடை மருத்துவர், எப்போதும் பாதித் தூக்கத்தில். நான் சேவல் பெட்டையான கதையைச் சொன்னேன். மருத்துவர் கண்ணைத் திறந்தார். கத்தரி பேனாவை நிறுத்தவில்லை.

"விடை வரலன்னதும் தட்டைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. நாளைக்கும் வரலன்னா கோழியையே திருப்பிப் போடுவீங்களா?"

காது மடல் சூடாகிவிட்டது. "சார், விடையை நான் இன்னும் பார்க்கவே இல்லை. சேவல், பெட்டை பொருந்துதான்னு மட்டும்தான் பார்த்தேன். மூலைக் குழிங்களோட சோதனை இதோ."

பேனா நின்றது. அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தட்டு எப்படித் திரும்பிச்சு?"

நான் மேடத்தைப் பார்க்காமல் சொன்னேன். "அந்தத் தட்டுல மூலை வெட்டு இல்ல சார். அதனால..."

"அதனால தட்டே எழுந்து நடந்து போய்த் திரும்பிப் படுத்துக்கிச்சா?"

"நான்தான் வச்சேன்" என்றார் மேடம். எழுந்து நின்றிருந்தார். "என் கையால. தப்பே வராதுன்னு இதே மேசையில எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். இந்தப் பொண்ணு இல்லன்னா இன்னும் சொல்லிட்டே இருந்திருப்பேன்."

 மேடத்தை எனக்குப் பிடிக்கும் என்பதே அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

கத்தரி நாற்காலியில் சாய்ந்தார். "சரி. கணினியைத் திற. இப்பவே ஓட்டு. கோபுரம் வந்தா நீ இருக்கலாம். வரலன்னா கிளம்பு. ஒரே பேச்சு."

கணினியைத் திறந்தேன். விசையில் விரலையும் வைத்தேன். காலையிலிருந்து இதற்காகத்தானே துடித்துக்கொண்டிருந்தேன்? ஆனால் உள்ளே என்னவோ சுருக்கென்றது.

"ஓட்ட மாட்டேன் சார்."

மேடம் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"முதல்ல முடிவைச் சொல்லுங்க. அப்புறம் ஓட்டுறேன். இத்தனை நாளா நான் பார்த்தது பொய்க் கணக்கு. அதுல விடை வராதது நியாயம்தான். இப்பதான் கணக்கு சரியாகியிருக்கு. இதுல ஒண்ணுமே இல்லைன்னு வந்தா, ஒண்ணும் இல்லைங்கிறதும் விடைதான் சார். அதையும் யாராவது உட்கார்ந்து முழுசா எழுதணும். கோபுரம் வந்தாதான் நான் இருக்கலாம்னா, நாளைக்கு எல்லாரும் கோபுரம் வர்ற வரைக்கும் தட்டைத் திருப்பிட்டுதான் இருப்பாங்க."

 என்னுடைய திமிரைக் கேட்டு எனக்கே பகீரென்றது. டிப்போவில் டிக்கெட் செக்கிங் வேலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

கத்தரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் முழுசாக விழித்திருந்தார், தலையை ஆட்டினார்.

"இரண்டு வருஷம்" என்றார் கத்தரி. "வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இருந்து முடிச்சிட்டுப் போ."

மேடம் என் காலிலிருந்து தன் காலை எடுத்தார்.

"நன்றி சார்" என்றேன். கூட்டம் முடிந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. மருத்துவர் கண்ணாடியைத் துடைத்தார். கத்தரி கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சும்மாதான் கேட்கிறேன். ஓட்டிப் பார்க்கலாமே."

ஓட்டினேன். ஒவ்வொரு குரோமோசோமாகக் கணக்கு முடிய முடிய, படம் இடமிருந்து வலமாக வளர்ந்தது. முதலாவது, படுத்துக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்று, நான்கு, அதே இஸ்திரித் துணி. மேடம் என் முழங்கைக்கு மேலே பிடித்திருந்தார், நகம் பதிந்து வலித்தது. ஏழு. எட்டு. பரவாயில்லை, ஒன்றும் இல்லை என்பதும் விடைதான், நானே சொன்னேனே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே அழுகை வந்தது.

ஒன்பதாவதில் ஒரு புள்ளி மேலே போனது. அதன்மேல் இன்னொன்று. அதற்கும் மேலே ஒரு கொத்து, ஒன்றன் தலையில் ஒன்றாக, படத்தின் கூரையைப் போய் முட்டியது. பாதிக் கோழிகள் செத்ததற்கும் பாதி பிழைத்ததற்கும் காரணம் அந்த இடத்தில் இருந்தது.

கத்தரி எழுந்து நின்றார். உடனே உட்கார்ந்தார். "அடேயப்பா" என்று மட்டும் சொன்னார். மருத்துவர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். கதவுக்கு வெளியே விக்கல் சத்தம் கேட்டது, அவன் இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருக்கிறான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் மனசில்லை.

"இன்னொரு தடவை ஓட்டு" என்றார் மேடம். 

அதே எழுத்துகளுக்கு அதே கணக்கைப் போட்டால் அதே விடைதான் வரும். அது அந்த அறையில் இருந்த நாலு பேருக்குமே தெரியும். ஆனாலும் ஓட்டினேன். முதலாவது முடிந்தது, இரண்டாவது முடிந்தது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒன்பதாவது வந்தது.

கோபுரம் அங்கேயே நின்றது.